கல்லூரி மாணவரின் பிரெஞ்சுப் பேச்சுத்திறனை எப்படி மதிப்பிடுவது?

கேள்வி
பதிவிட்டவர்: காவிரிக்கரை ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். தன்னாட்சி பெற்ற கலை அறிவியல் கல்லூரி ஒன்றில் பகுதி-1 மொழிப்பாடமாகப் பிரெஞ்சு கற்பித்து வருகிறேன். தமிழுக்கு மாற்றாகப் பிரெஞ்சை எடுத்த பி.காம்., பி.எஸ்சி. மாணவர்கள் ஒரே வகுப்பில் 58 பேர் இருக்கிறார்கள். வாரத்துக்கு ஆறு மணி நேரம், நான்கு பருவங்கள். அகமதிப்பீட்டுக்கு 25 மதிப்பெண்ணும் பருவத் தேர்வுக்கு 75 மதிப்பெண்ணும் ஒதுக்கியிருக்கிறோம். அந்த 75-ம் முழுக்க எழுத்துத் தேர்வுக்கே போகிறது. அகமதிப்பீட்டிலும் இரண்டு எழுத்துத் தேர்வு, ஓர் ஒப்படைப்பு, வருகைப்பதிவு என்று எல்லாம் தாளோடு முடிந்துவிடுகின்றன. நான்கு பருவம் படித்து வெளியேறும் மாணவர் ஒருமுறைகூட வாய்திறந்து பிரெஞ்சில் பேசாமலேயே 90-க்கு மேல் வாங்கிவிட முடியும். பலர் அப்படித்தான் வாங்குகிறார்கள்.

எங்கள் வினாத்தாள் எப்படியிருக்கும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். வினைச்சொற்களின் நிகழ்கால, கடந்தகால வடிவங்களை எழுதுதல், கோடிட்ட இடங்களை நிரப்புதல், பாடநூலில் ஏற்கெனவே படித்த ஒரு பத்தியை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தல், பிரான்ஸின் பண்டிகைகள் அல்லது உணவுப் பழக்கம் பற்றி ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதுதல் ஆகியவைதாம் வழக்கமான பகுதிகள். இவற்றில் பாதிக்கு மேல் மனப்பாடத்தைக் கொண்டே எழுதிவிடலாம்.

அண்மையில் புதுச்சேரியிலிருந்து வந்திருந்த பிரெஞ்சுக்காரர் ஒருவர் வகுப்பில், "உங்களுக்குக் கல்லூரி எத்தனை மணிக்கு முடியும்?" என்று தம் இயல்பான வேகத்தில் கேட்டார். மணி சொல்வது பற்றிய பாடத்தில் முழு மதிப்பெண் பெற்ற மாணவர்கள் உட்பட ஒருவரும் பேசவில்லை. அதே கேள்வியை நான் கரும்பலகையில் எழுதியவுடன் பத்துப் பேர் கைதூக்கினார்கள். அவர்களுக்கு விடை தெரிந்திருந்தது. கேள்விதான் காதில் ஏறவில்லை.

அடுத்த பாடத்திட்டக் குழுக் கூட்டத்தில், கேட்டல், பேசுதல் ஆகிய இரண்டையும் மதிப்பீட்டில் சேர்க்கும் திட்டத்தை நான் முன்வைக்க வேண்டும். ஒரே ஆசிரியர் 58 பேரை எப்படி வாய்மொழித் தேர்வுக்கு உட்படுத்துவது என்பது என் முதல் கவலை. பன்னிரண்டாம் வகுப்பு வரை பிரெஞ்சு படித்து வந்தவர்களையும் கல்லூரியில்தான் முதல் எழுத்தையே பார்த்தவர்களையும் ஒரே அளவுகோலால் அளப்பது நியாயமா என்பது அடுத்தது. இதற்கெல்லாம் சிரமப்படாமல், டெல்ஃப் என்ற பிரெஞ்சு மொழித்திறன் தேர்வு போன்ற வெளித்தேர்வுகளின் சான்றிதழையே மதிப்பெண்ணாக ஏற்றுக்கொண்டால் என்ன என்று உடன் பணியாற்றும் ஒருவர் கேட்கிறார். இதைச் செய்து பார்த்தவர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன்.


மறுமொழி 1
பதிவிட்டவர்: வைகை ஜெர்மன்

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். கல்லூரியில் ஜெர்மன் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். மொழி வேறானாலும் சிக்கல் ஒன்றுதான் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்த விருந்தினரின் கேள்வி. இயல்பான வேகத்தில் கேட்டது புரியவில்லை என்பதை வைத்து உங்கள் மாணவர்களைக் குறைத்து எடைபோட வேண்டாம். ஐரோப்பிய மன்றம் 2001-இல் வெளியிட்ட மொழித்திறன் பொது அளவுகோலில், தொடக்கநிலையான ஏ1 முதல் உச்சநிலையான சி2 வரை ஆறு நிலைகள் இருப்பதை அறிவீர்கள். ஏ1 நிலையில் இருப்பவர், எதிரே பேசுபவர் மெதுவாகவும் தெளிவாகவும் பேசி உதவவும் தயாராக இருந்தால், எளிய உரையாடல் நடத்த வேண்டும் என்றுதான் அந்த அளவுகோல் எதிர்பார்க்கிறது. ஆகவே தேர்வைப் பற்றி யோசிப்பதற்கு முன், நான்காம் பருவ இறுதியில் மாணவர் எதையெல்லாம் செய்ய வேண்டும் என்பதை ஒரு பக்கத்துக்குள் எழுதிவிடுங்கள். அதில் "கடந்தகால வினைவடிவங்களை அறிவார்" என்று எழுதாமல், "நேற்று என்ன செய்தார் என்பதை நான்கைந்து வாக்கியங்களில் சொல்வார்" என்று எழுதுங்கள். இரண்டாவது வாக்கியத்தைத் தேர்வாக மாற்றுவது எளிது. முதல் வாக்கியம் மறுபடியும் கோடிட்ட இடத்தை நிரப்பும் கேள்விக்கே கொண்டுபோய் விடும்.

எந்த நிலையை இலக்காக வைப்பது என்ற குழப்பமும் இருக்கும். ஜெர்மன் மொழியில் ஏ1 நிலையை எட்ட 45 நிமிடப் பாடவேளைகள் 80 முதல் 200 வரை தேவைப்படலாம் என்று, ஜெர்மன் கற்பித்துத் தேர்வும் நடத்தும் கோத்தே நிறுவனம் மதிப்பிடுகிறது. பிரெஞ்சுக்கும் ஏறத்தாழ அதே அளவைக் கொள்ளலாம். வாரத்துக்கு ஆறு மணி நேரம் என்ற உங்கள் கணக்கில் விடுமுறை, விழா, தேர்வு நாள்களையெல்லாம் கழித்தாலும், இரண்டாம் பருவ முடிவில் ஏ1, நான்காம் பருவ முடிவில் ஏ2 என்று வைப்பது மிகையாகாது.

இனி 58 பேர். ஒவ்வொருவரையும் தனியே அழைத்து ஆறு நிமிடம் பேசவைத்தால் ஏறக்குறைய ஆறு மணி நேரம் ஆகும். அதற்குள் கேட்பவரும் களைத்துவிடுவார், கடைசி பத்துப் பேருக்குப் போடும் மதிப்பெண்ணில் அந்தக் களைப்பு தெரியும். இருவர் இருவராக அழையுங்கள். 29 இணைகள், இணைக்கு எட்டு நிமிடம் என்றால் நான்கு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அதை ஒரே நாளில் முடிக்காமல் நான்கு பாடவேளைகளில் பிரித்துக்கொள்ளலாம். அந்த நேரத்தில் மற்றவர்கள் வகுப்பறையில் வாசிப்புப் பயிற்சியோ எழுத்துப் பயிற்சியோ செய்துகொண்டிருக்கட்டும். கோத்தே நிறுவனத்தின் ஏ1 தேர்விலும் பேச்சுப் பகுதி குழுவாகவே நடக்கிறது. முதலில் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்வது, அடுத்து ஒரு சொல் எழுதிய அட்டையை எடுத்து அதைப் பற்றிச் சக தேர்வரிடம் கேள்வி கேட்பது, பிறகு படம் உள்ள அட்டையைப் பார்த்து ஒன்றைக் கேட்டுப் பெறுவது என்று மூன்றே பகுதிகள். ஏறத்தாழ 15 நிமிடத்தில் ஒரு குழு முடிந்துவிடும். டெல்ஃப் ஏ1-இல் தேர்வர் தேர்வாளரோடு தனியாகப் பேசுகிறார். அங்கும் அறிமுகம், சொல் அட்டைகளைக் கொண்டு கேள்வி கேட்டல், கடையில் பொருள் வாங்குவது போன்ற உரையாடல் என்ற அமைப்புதான்.

உங்கள் வகுப்புக்கு ஏற்றாற்போல ஓர் அட்டைச் சோடியைச் சொல்கிறேன். முதல் மாணவரின் அட்டையில், "திருச்சியிலிருந்து வரும் நண்பரைச் சென்னை எழும்பூர் நிலையத்தில் அழைத்துக்கொள்ள வேண்டும். வண்டி எத்தனை மணிக்கு வரும், எந்த நடைமேடை, சாப்பிட்டுவிட்டு வருவாரா என்பதைக் கேட்டுக் குறித்துக்கொள்க" என்று இருக்கும். இரண்டாமவரின் அட்டையில், "வண்டி 13.40 மணி, நடைமேடை 5, சாப்பிடவில்லை, சைவம்" என்று இருக்கும். ஒருவர் அட்டையை மற்றவர் பார்க்கக் கூடாது. உரையாடல் முடிந்ததும் முதல் மாணவர் தாம் குறித்த துண்டுச்சீட்டைக் கொடுத்துவிட வேண்டும். அதில் 13.40 என்று இருந்தால் ஒருவர் சொன்னார், மற்றவர் கேட்டார் என்பதற்கு அந்தச் சீட்டே சான்று. 3.40 என்று இருந்தால் எங்கே தவறியது என்பதை உரையாடலின் ஒலிப்பதிவில் கேட்டுக்கொள்ளலாம். ஒரே பயிற்சியில் கேட்டல், பேசுதல் இரண்டும் மதிப்பிடப்பட்டுவிடுகின்றன. பிறகு அட்டைகளை மாற்றி, இரண்டாமவரைக் கேட்பவராக்குங்கள்.

மதிப்பெண்ணை நான்கு கூறாகப் பிரித்தால் போதும், ஒவ்வொன்றுக்கும் ஐந்து. கொடுத்த காரியம் முடிந்ததா, உரையாடலை நடத்திச்சென்றாரா, சொல்வளமும் இலக்கணமும் அந்த நிலைக்குப் போதுமா, உச்சரிப்பு புரியும்படி இருந்ததா என்பவையே அவை. இரண்டாம் கூறில் ஒன்றைக் கண்டிப்பாகச் சேர்க்க வேண்டும்: புரியாதபோது "மெதுவாகச் சொல்லுங்கள்", "இன்னொரு முறை சொல்லுங்கள்" என்று பிரெஞ்சிலேயே கேட்பவருக்கு மதிப்பெண் கூட வேண்டும். நம் மாணவர்கள் அதைத் தோல்வி என்று நினைத்து வாயை மூடிக்கொள்கிறார்கள். தொடக்கநிலையில் ஒருவர் பெற்றிருக்க வேண்டிய மிக முக்கியமான திறன் அதுதான் என்பது என் உறுதியான கருத்து. இலக்கணக் கூறில் கடுமை வேண்டாம். "மா மேர்" என்பதை "மோன் மேர்" என்று சொன்ன மாணவர் பால் வேறுபாட்டில் தவறினார். ஆனால் தம் தாயைப் பற்றித்தான் பேசுகிறார் என்பது கேட்பவருக்குப் புரிந்துவிட்டது. ஏ1 நிலையில் அந்தத் தவறுக்காக முழு ஐந்தையும் பறிப்பது அந்த மாணவரை அடுத்த தேர்வில் ஊமையாக்கிவிடும்.

முன்னரே பிரெஞ்சு படித்து வந்தவர்களின் சிக்கலுக்கு, முதல் பருவத்தின் முதல் வாரத்திலேயே ஒரு நிலையறி தேர்வு வைப்பதுதான் வழி. 1980-களின் தொடக்கத்தில் ஜெர்மனியில் உருவான சி-டெஸ்ட் என்ற முறை கைகொடுக்கும். ஒரு சிறு பத்தியை எடுத்து, முதல் வாக்கியத்தை அப்படியே விட்டுவிட்டு, அதன் பிறகு ஒன்றுவிட்டு ஒரு சொல்லின் பின்பாதியை நீக்கிவிடுவார்கள். மாணவர் அதை நிரப்ப வேண்டும். நான்கைந்து பத்திகள், அரை மணிக்குள் முடியும், திருத்துவதும் எளிது. எத்தனை சொல்லை மீட்டெடுக்கிறார் என்பதிலிருந்து அவருடைய பொதுவான மொழித்திறனைத் தோராயமாக அறியலாம். ஜெர்மனியின் பல பல்கலைக்கழக மொழி மையங்கள் வகுப்பு பிரிக்க இதைப் பயன்படுத்துகின்றன. பிரிவாக ஆக்க முடியாவிட்டாலும், பேச்சுத் தேர்வில் இருவகை அட்டைகள் வைத்துக்கொண்டு, முன்பே படித்தவர்களுக்கு ஒரு நிலை கூடுதலான அட்டையைக் கொடுங்கள்.


மறுமொழி 2
பதிவிட்டவர்: நிஹோங்கோ கோவை

வணக்கம். பொறியியல் கல்லூரியில் ஜப்பானிய மொழி கற்பிக்கிறேன். வெளித்தேர்வுச் சான்றிதழையே மதிப்பெண்ணாக ஏற்கலாமா என்ற கேள்விக்கு மட்டும் என் அனுபவத்திலிருந்து பதில் சொல்கிறேன்.

எங்கள் கல்லூரியில் ஏறத்தாழ அதைத்தான் செய்தோம். ஜப்பானிய மொழித்திறன் தேர்வான ஜே.எல்.பி.டி.யின் என்5 நிலையில் தேறியவருக்கு அந்தப் பருவத்தின் அகமதிப்பீட்டில் முழு மதிப்பெண். 1984-இல் தொடங்கி, 2010 முதல் தொடக்கநிலையான என்5-இலிருந்து உயர்நிலையான என்1 வரை ஐந்து நிலைகளாக நடக்கும் மதிப்புமிக்க தேர்வு அது. என்5-இல் மொத்தம் 180 மதிப்பெண்ணுக்கு 80 எடுக்க வேண்டும். கேட்டல் பகுதியில் 60-க்கு 19-ஆவது கட்டாயம். வேலைவாய்ப்புப் பிரிவுக்கு இது மிகவும் பிடித்துப்போயிற்று; சான்றிதழைக் காட்டினால் நிறுவனங்களுக்குப் புரிகிறது, எங்களுக்கும் தனியே தேர்வு நடத்தும் சுமை இல்லை.

ஆனால் அந்தத் தேர்வில் பேசுதலும் இல்லை, எழுதுதலும் இல்லை. எல்லாம் சரியான விடையைத் தேர்ந்து வட்டத்தைக் கருக்கும் முறைதான். இரண்டே பருவங்களில் வகுப்பு முழுவதும் அதன் போக்குக்கு மாறிவிட்டது. "ஐயா, இது தேர்வில் வருமா?" என்று கேட்டு, வராது என்றால் மாணவர்கள் புத்தகத்தை மூடிவிடுவார்கள். கான்ஜி எனும் சித்திர எழுத்துகளின் அட்டைகளை நூற்றுக்கணக்கில் மனப்பாடம் செய்தவர், ஜப்பானிய நிறுவனத்தின் இணையவழி நேர்காணலில் "உங்கள் ஊரைப் பற்றிச் சொல்லுங்கள்" என்ற கேள்விக்கு இரண்டு வாக்கியம் சேர்த்துச் சொல்ல முடியாமல் திணறினார். அவர் என்4 தேறியவர். திறமையில் குறைந்தவரே அல்லர். அவரிடம் யாரும் அதுவரை பேசச் சொல்லிக் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

தேர்வில் எது இல்லையோ அது வகுப்பிலும் இல்லாமல் போய்விடும் என்பதை அந்த ஆண்டில்தான் கண்கூடாகப் பார்த்தோம். அதன் பிறகு சான்றிதழுக்கு அகமதிப்பீட்டில் ஒரு பகுதியை மட்டும் கொடுத்து, மீதியைப் பேச்சுக்கும் கையெழுத்துப் பயிற்சிக்கும் ஒதுக்கினோம். உங்கள் டெல்ஃப் இந்த வகையில் மேலானது. அதில் கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் ஒவ்வொன்றுக்கும் 25 மதிப்பெண். மொத்தம் 50 எடுத்தாலும் ஏதாவது ஒரு பகுதியில் 5-க்குக் கீழே போனால் தேர்ச்சி இல்லை. இந்தக் கடைசி விதியை மட்டுமாவது உங்கள் கல்லூரித் தேர்வுக்குள் கொண்டுவாருங்கள். எழுத்தில் 70 வாங்கிய மாணவர் பேச்சில் சுழியத்தோடு தேறிவிட முடியாது என்ற நிலை வந்தாலே வகுப்பின் போக்கு மாறும்.

வெளித்தேர்வில் இன்னொரு சங்கடமும் இருக்கிறது, கட்டணம். பகுதி-1 பாடத்தின் மதிப்பெண்ணைப் பணம் கட்டித்தான் பெற முடியும் என்ற நிலையை ஓர் அரசு உதவிபெறும் கல்லூரி ஏற்படுத்தக் கூடாது. முடிந்தவர் எழுதட்டும், அதற்குச் சிறு ஊக்கம் கொடுங்கள், கட்டாயமாக்க வேண்டாம்.


மறுமொழி 3
பதிவிட்டவர்: தேர்வுத்துறை நண்பன்

வணக்கம். தன்னாட்சிக் கல்லூரி ஒன்றின் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் பல ஆண்டுகள் பணியாற்றியவன் என்ற முறையில் ஓர் எச்சரிக்கை. மேலே இருவரும் சொன்னவை கற்பித்தல் நோக்கில் சரியானவையே. ஆனால் எழுத்துத் தேர்வில் மாணவருக்கு ஒரு பாதுகாப்பு உண்டு. விடைத்தாளில் பெயர் இருக்காது, வெளி மதிப்பீட்டாளர் திருத்துவார், ஐயம் இருந்தால் நகல் பெறலாம், மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்கலாம். வாய்மொழித் தேர்வில் எதிரே அமர்ந்திருப்பவர் வகுப்பாசிரியர். அவருக்கு மாணவரின் முகம், வருகைப்பதிவு, குடும்பம், சாதி உட்பட எல்லாம் தெரியும். "அவளுக்கு 18, எனக்கு ஏன் 11?" என்று ஒரு மாணவி கேட்டால் எதைக் காட்டுவீர்கள்? அகமதிப்பீட்டு மதிப்பெண்ணை ஆசிரியர்கள் ஒழுங்கு நடவடிக்கைக்கான கருவியாகப் பயன்படுத்துவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பேச்சுத் தேர்வு அந்தக் கருவியை இன்னும் கூர்மையாக்கிவிடக் கூடாது.

எனவே பேச்சுத் தேர்வு வேண்டும் என்றால் அதற்கான ஆவணமும் வேண்டும். ஆவணம் இல்லாத மதிப்பெண்ணைப் பாடத்திட்டக் குழு ஏற்றாலும் கல்விக் குழு கேள்வி கேட்கும்.


மறுமொழி 4
பதிவிட்டவர்: அரசுப்பள்ளி முதல் லியோன் வரை

ஆசிரியை அவர்களுக்கும் ஐயா அவர்களுக்கும் வணக்கம். நான் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்துவிட்டு, கல்லூரியில் பிரெஞ்சு எடுத்து, இப்போது பிரான்ஸில் முதுநிலைப் பட்டம் படிக்கிறேன். மாணவர் பக்கத்திலிருந்து இரண்டு செய்திகளைச் சொல்ல வேண்டும்.

எங்கள் வினாத்தாளிலும் பிரெஞ்சுப் பத்தியை ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கச் சொல்லும் கேள்வி இருந்தது. பத்தி எனக்கு முழுக்கப் புரியும். சந்தைக்குப் போன கிழவி பேரம் பேசியதும், கடைக்காரர் கோபப்பட்டதும் கண்முன் தெரியும். அதை ஆங்கிலத்தில் எழுதும்போதுதான் தடுமாறுவேன். ஆங்கிலவழியில் படித்த நண்பர்கள் பாதி புரிந்துகொண்டு எழுதியே என்னைவிடக் கூடுதலாக வாங்கினார்கள். அந்தக் கேள்வி என் பிரெஞ்சை அளக்கவில்லை, என் ஆங்கிலத்தை அளந்தது. புரிந்துகொண்டதைச் சோதிப்பதுதான் நோக்கம் என்றால், விடையைத் தமிழிலும் எழுதலாம் என்று ஒரே ஒரு வரியை வினாத்தாளில் சேர்த்துவிடுங்கள். அல்லது பிரெஞ்சிலேயே சரியா தவறா என்று கேட்டு, எந்த வாக்கியத்திலிருந்து தெரிந்துகொண்டார் என்பதை எடுத்தெழுதச் சொல்லுங்கள்.

இன்னொன்று, தயவுசெய்து பேச்சுத் தேர்வை வகுப்பு முழுவதும் பார்த்துக்கொண்டிருக்கும்போது நடத்தாதீர்கள். எங்களுக்கு ஒருமுறை அப்படித்தான் நடந்தது. முன்னால் நின்று பேசிய பெண் "ர" ஒலியைத் தொண்டையிலிருந்து ஒலித்தபோது பின்வரிசையில் சிரித்தார்கள். அவள் சரியாகத்தான் ஒலித்தாள். அதற்குப் பிறகு அவள் பிரெஞ்சு ஒலிப்பையே விட்டுவிட்டு நம்மூர் "ர"வுக்குத் திரும்பிவிட்டாள்; நாங்களும் அப்படியே பேசத் தொடங்கினோம். இணையாக உள்ளே அழைத்து, கதவைச் சாத்தி, முதல் ஒரு நிமிடத்தை மதிப்பெண் இல்லாத பேச்சாக வைத்துக்கொண்டால் பாதி பயம் போய்விடும். டெல்ஃப் ஏ1-இல் எனக்குத் தயாரிக்கப் பத்து நிமிடம் கொடுத்தார்கள். அந்தப் பத்து நிமிடம்தான் என்னைக் காப்பாற்றியது. கல்லூரித் தேர்விலும் வெளியே காத்திருக்கும் இணைக்கு அட்டையை முன்னரே கொடுத்துவிடலாம்.


மறுமொழி 5
பதிவிட்டவர்: வைகை ஜெர்மன்

தேர்வுத்துறை நண்பரின் எச்சரிக்கையை நான் முழுமையாக ஏற்கிறேன். அதற்குத் தீர்வும் இருக்கிறது. கைப்பேசியிலேயே ஒவ்வோர் இணையின் பேச்சையும் ஒலிப்பதிவு செய்யுங்கள். பதிவு எதற்கு, யார் கேட்பார்கள், எவ்வளவு நாள் வைத்திருப்போம் என்பதை மாணவர்களிடம் முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்து ஒப்புதல் வாங்குங்கள். முடிவு வெளியாகி முறையீட்டுக் காலம் கழிந்ததும் அழித்துவிடுங்கள். அடுத்து, பக்கத்துக் கல்லூரியில் பிரெஞ்சு கற்பிக்கும் ஒருவரோடு உடன்பாடு செய்துகொள்ளுங்கள்: உங்கள் பதிவுகளை அவர் கேட்டு மதிப்பெண் போடட்டும், அவருடையதை நீங்கள் போடுங்கள். அவருக்கு மாணவரின் பெயர் தெரிய வேண்டாம், எண் போதும். 58 பேரையும் அவர் கேட்க முடியாவிட்டால், ஐந்தில் ஒருவரையும், முறையிட்டவர்களையும் கேட்டால் போதும்.

தொடங்குவதற்கு முன் இருவரும் சேர்ந்து ஐந்தாறு பதிவுகளைக் கேட்டுத் தனித்தனியாக மதிப்பெண் போட்டு ஒப்பிட்டுப் பாருங்கள். முதல்முறை 20-க்கு ஐந்து, ஆறு மதிப்பெண் வேறுபாடு வந்தால் அஞ்ச வேண்டாம். எங்கே வேறுபட்டோம் என்று பேசினால், பெரும்பாலும் ஒருவர் உச்சரிப்புக்கும் மற்றவர் இலக்கணத்துக்கும் மனத்துக்குள் கூடுதல் எடை கொடுத்திருப்பது தெரியவரும். அதைச் சரிசெய்துவிட்டால் வேறுபாடு இரண்டுக்குள் வந்துவிடும். இந்த ஒரு மதிய வேலை, நீங்கள் எழுதப்போகும் எந்த மதிப்பீட்டு அட்டவணையைவிடவும் பயன்தரும்.

இது நம்மூருக்கு மட்டும் உரிய குறையும் அல்ல. 1967-இல் ஜான் காரல் என்ற ஆய்வாளர், அமெரிக்கக் கல்லூரிகளில் பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிஷ் போன்றவற்றை முதன்மைப் பாடமாகவே படித்துப் பட்டம் பெறும் நிலையில் இருந்தவர்களின் திறனை அளந்தார். கேட்டலிலும் பேசுதலிலும் அவர்கள் எதிர்பார்த்த அளவுக்கு இல்லை. அந்த மொழி பேசும் நாட்டில் சிறிது காலமாவது தங்கியவர்கள் தெளிவாக முன்னே நின்றார்கள். நம் மாணவர்களில் பெரும்பாலோருக்கு அப்படித் தங்கும் வாய்ப்பு கிடையாது. அவர்கள் பிரெஞ்சைக் கேட்கும் ஒரே இடம் உங்கள் வகுப்பறை என்பதால்தான் அங்கே நடக்கும் தேர்வில் ஒலி இருக்க வேண்டும் என்று வற்புறுத்துகிறேன்.

ஒப்படைப்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வீட்டில் எழுதிவரும் பிரெஞ்சுக் கட்டுரைக்கு இனி மதிப்பெண் போட வேண்டாம். கைப்பேசியில் மொழிபெயர்ப்புச் செயலி இருக்கும்போது அது மாணவரின் எழுத்தா என்று யாரும் சொல்ல முடியாது, சந்தேகப்பட்டு விசாரிப்பதும் உறவைக் கெடுக்கும். அந்த மதிப்பெண்ணை வகுப்பிலேயே இருபது நிமிடத்தில் கையால் எழுதும் ஒரு சிறு கடிதத்துக்கோ அழைப்பிதழுக்கோ மாற்றுங்கள்.


மறுமொழி 6
பதிவிட்டவர்: காவிரிக்கரை ஆசிரியை

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. இவற்றைக் கொண்டு குழுவின் முன் வைக்கப்போவதை எழுதிவிட்டேன். அகமதிப்பீட்டின் 25-இல் வருகைப்பதிவையும் ஒப்படைப்பையும் நீக்கிவிட்டு, இணைப் பேச்சுத் தேர்வுக்கு 10, கேட்டலுக்கு 5, வகுப்பில் எழுதுவதற்கு 5, ஒரே ஓர் எழுத்துத் தேர்வுக்கு 5 என்று கேட்கப்போகிறேன். ஐயா சொன்ன நான்கு கூறுகளுக்கு 20 மதிப்பெண் போட்டுப் பாதியாக்கிக்கொள்வேன். பேச்சில் 10-க்கு 3-ஆவது எடுக்காதவர் அதே பருவத்தில் இன்னொரு முறை பேசிக்காட்ட வேண்டும் என்ற விதியையும் சேர்த்திருக்கிறேன். மொழிபெயர்ப்புக் கேள்வியில் "தமிழிலோ ஆங்கிலத்திலோ" என்ற தொடரும் சேர்ந்துவிட்டது. லியோனில் இருக்கும் தம்பி சொல்லும்வரை இது எனக்குத் தோன்றவேயில்லை.

ஒன்றில் மட்டும் இன்னும் தெளிவு தேவை. இணையாகப் பேசும்போது ஒருவர் நன்றாகப் பேசி, மற்றவர் வாயே திறக்காவிட்டால் நன்றாகப் பேசுபவருக்குக் கேடு வராதா?


மறுமொழி 7
பதிவிட்டவர்: வைகை ஜெர்மன்

வரும், ஆசிரியை அவர்களே. அதற்காகவே தேர்வாளர் உள்ளே இருக்கிறார். பத்து விநாடிக்கு மேல் மௌனம் நீடித்தால், பேசாதவரின் பங்கை நீங்கள் எடுத்துக்கொண்டு அவருடைய அட்டையிலிருந்து விடை சொல்லுங்கள். பேசுபவர் தம் காரியத்தை முடிக்கட்டும். பிறகு பேசாதவரிடம் நீங்களே எளிய கேள்வியில் தொடங்கி இரண்டு நிமிடம் பேசுங்கள். இணையை முடிவுசெய்யும்போது ஒரே நிலையறி மதிப்பெண் கொண்டவர்களைச் சேர்த்தால் இந்தச் சூழல் அரிதாகத்தான் வரும். நெருங்கிய தோழிகளை ஒன்றாக விட வேண்டாம், அவர்கள் முன்பே பேசிவைத்துக்கொண்டு வருவார்கள். வரிசையை அன்று காலையில் அறிவியுங்கள்.

கூட்டத்தில் குழுவினர் தயங்கினால், நான்கு பருவங்களுக்கும் கேட்காமல் இரண்டாம் பருவத்துக்கு மட்டும் அனுமதி கேளுங்கள். மாணவர்களின் ஒப்புதலோடு நான்கைந்து ஒலிப்பதிவுகளை அடுத்த கூட்டத்தில் ஒலிக்கவிட்டுக் காட்டலாம்.